பள்ளிப் பிள்ளைகளும் தொழில்முனைவும்: கேட்டவர்களுக்குப் பதில்

9-ஆம் வகுப்பு ஆசிரியை: பெரிய தொழிலதிபர்களின் கதைகளைச் சொன்னால் கைதட்டுகிறார்கள், அதோடு சரி. ஆர்வம் வர என்ன செய்யலாம்?

கதையைக் குறைத்துக்கொண்டு ஆளுக்கொரு நோட்டைக் கொடுங்கள். தங்களைச் சுற்றி யார் எதற்கெல்லாம் அலுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வரட்டும். என் மாணவி ஒருத்தி எழுதினாள்: "ஆய்வக நோட்டின் அட்டை சீக்கிரமே கிழிந்துவிடுகிறது." நாலு பேர் சேர்ந்து துணியில் உறை தைத்தார்கள். 12 தைத்ததில் 3 தான் விற்றன. வாங்காதவர்களிடம் போய்க் காரணம் கேட்கச் சொன்னேன். போகும்போது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. திரும்பியபோது நோட்டில் அரைப் பக்கம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: பேனா செருக இடமில்லை. ஓரத்தில் ஒரு பட்டி வைத்துத் தைத்தார்கள், மீதி 9-ம் போய்விட்டன. அந்த அரைப் பக்கத்தை எந்தப் பாடத்தாலும் என்னால் கொடுத்திருக்க முடியாது.

ஒரு தந்தை: மகன் ஏதாவது விற்றுப் பார்க்க ஆசைப்படுகிறான். முதலாக எவ்வளவு கொடுக்கலாம்?

போனால் போகட்டும் என்று இருவரும் மனதார விடக்கூடிய தொகை. அனுபவமுள்ள தொழில்முனைவோரை ஆராய்ந்த பேராசிரியர் சரஸ் சரஸ்வதி 2001-ல் எழுதிய கட்டுரையிலும் இந்தக் கருத்து உண்டு. அவர்கள் வரப்போகும் லாபத்தைவிட, எவ்வளவு இழந்தால் தாங்கும் என்பதையே முதலில் பார்க்கிறார்கள். அப்புறம், நஷ்டம் வந்தால் அவனுக்குத் தெரியாமல் ஈடுகட்டிவிடாதீர்கள்.

10-ஆம் வகுப்பு மாணவி: எத்தனை விற்றால் போட்ட முதல் திரும்பும்?

ஓர் உறையை 15-க்கு விற்கிறாய், துணிக்கும் நூலுக்கும் 7 ஆகிறது என்று வை. கையில் நிற்பது 8. கத்தரி, ஊசி என்று ஒரே தடவை செய்த செலவு 200 என்றால், 200-ஐ 8-ஆல் வகு, 25 வரும். 26-வது உறையிலிருந்துதான் லாபம். ஆனால் உன் உழைப்புக்கும் ஒரு கூலியைப் போட்டு இன்னொரு முறை கணக்குப் பார், பாப்பா. பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

ஒரு தலைமையாசிரியர்: படிப்பு கெடாதா?

எல்லை வைக்காவிட்டால் கெடும், ஐயா. அமெரிக்காவில் 1919-ல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பின் 'கம்பெனி' திட்டத்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் தொடங்கி, பங்கு விற்று முதல் திரட்டி, கடைசியில் கணக்கு முடித்துக் கலைத்தும் விடுவார்கள். நானும் முதல் நாளே முடிக்கும் தேதியைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்.

ஒரு தாய்: என் பெண் பேசவே கூச்சப்படுவாள். இது அவளுக்கு ஒத்துவருமா?

தாராளமாக வரும். கணக்கு எழுதவும் தையலைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். விற்கப் போகிறவர்களோடு ஒரே ஒரு நாள் துணைக்கு அனுப்புங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் நின்று வாங்குகிறவர் முகத்தைக் கவனித்தால் போதும்.