இறக்கத்தில் மட்டும் வலிக்கும் முழங்கால்

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்று வருடமாக மலைப்பாதைகளில் ஓடுகிறேன். ஏற்றத்தில் ஒன்றும் தெரிவதில்லை. இறக்கத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் வலது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று வலி பிடித்துக்கொள்கிறது. நடந்தால் குறைகிறது, ஓடினால் மறுபடி வருகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘உள்பக்க மெனிஸ்கஸில் கிரேடு 2 மாற்றம்’ என்று வந்திருக்கிறது. எங்கள் குழுவின் பயிற்சியாளர் ஓர் இடத்தைச் சொல்லி, நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிளாஸ்மா ஊசி மூன்று போட்டால் சரியாகிவிடும் என்கிறார். பத்து வாரத்தில் 30 கிலோமீட்டர் மலைப் போட்டி இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்துவிடுங்கள். உங்களுக்கு வலிப்பது முழங்காலின் வெளிப்பக்கம், ரிப்போர்ட் பேசுவது உள்பக்கத்தைப் பற்றி. இதைக்கூட யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மெனிஸ்கஸ் என்பது முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் ஜவ்வு. கிரேடு 2 என்றால் அது கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஜவ்வின் மேற்பரப்பை எட்டாமல் உள்ளுக்குள்ளேயே தெரியும் மாற்றம் அது. கிரேடு 3-ஐத்தான் கிழிசல் என்போம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் வலியே இல்லாத 115 பேரின் 230 முழங்கால்களை ஸ்கேன் எடுத்தார்கள். 97 சதவீத முழங்கால்களில் ஏதோ ஒரு ‘கோளாறு’ தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய முழங்காலை இயந்திரத்துக்குள் விட்டால் ரிப்போர்ட் வெறுமையாக வராது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘ஐ.டி. பேண்ட்’ வலியோடு ஒத்துப்போகின்றன. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் போய் ஒட்டும் அகலமான நார்ப்பட்டை அது. முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும்போது, தொடை எலும்பின் வெளிப்புற முண்டின் மேல் இருக்கும் மென்மையான திசுவை இந்தப் பட்டை அழுத்துகிறது. ஏற்றத்தில் கால் ஊன்றும்போதே முழங்கால் அதைவிட அதிகமாக மடங்கியிருக்கும். இறக்கத்தில், அதிலும் பயந்து பயந்து பிரேக் பிடித்து ஓடும்போது, ஒவ்வொரு அடியும் அந்த 30 டிகிரிக்குப் பக்கத்திலேயே விழுகிறது. மெதுவாக இறங்கினால் வலி கூடுகிறது, சற்று வேகமாக இறங்கினால் குறைகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். வீட்டிலேயே பார்க்கலாம்: வலிக்கும் முண்டை விரலால் அழுத்திக்கொண்டு முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பாதி வழியில் அதே வலி வந்தால் சந்தேகம் பெரும்பாலும் சரி. ஒருமுறை மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யட்டும்.

ஃபோம் ரோலரால், அதாவது தசையை உருட்டித் தேய்க்கும் நுரை உருளையால், தேய்த்துப் பட்டையை நீட்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். அது அப்படி நீளும் பொருளே இல்லை. வலிக்கும் இடத்திலேயே உருட்டினால் ஏற்கெனவே நசுங்கும் திசு இன்னும் நசுங்கும்.

இனி ஊசி. பிளாஸ்மா ஊசியை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகளில், குதிகால் தசைநார் வலிக்கு 2010-இலும் முழங்கால் தேய்மானத்துக்கு 2021-இலும், உப்புநீரைவிட மேலான பலன் தெரியவில்லை. உங்கள் வலிக்கு அதைப் போடச் சொல்ல ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஓட்டக்காரர்களை ஓர் இடத்துக்கு அனுப்பிவிட்டுக் கமிஷன் வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நான் அங்கே போனால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?’ என்று நேராகக் கேளுங்கள். மூன்று ஊசிக்கும் சேர்த்து முன்பணம் கேட்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டத்தை வீடியோ எடுத்து, பாதம் உள்ளே சாய்கிறது என்று பயமுறுத்தி, அதே மேஜையில் ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் விற்பவர்களும் இந்த ரகம்தான். பாதத்தை அளப்பவரும் இன்சோலை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

என் துறைக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நாலு கேள்வி கேட்டு விரலால் அமுக்கிப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு, ஆள் உட்காருவதற்கு முன்பே ஸ்கேன் எழுதுகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தரும் காப்பீடுகள் பல, பிசியோதெரபிஸ்ட் 12 வாரம் கூட இருந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தால் கை விரிக்கின்றன. போட்டிக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள், காலைப் பார்க்காமலே கையெழுத்து விழுகிறது. இப்படி இருந்தால் ஓட்டக்காரர் ஊசிக்காரரிடம் போகாமல் வேறு யாரிடம் போவார்?

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் இரண்டு வாரம் இறக்கத்தில் ஓடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஏற்றம் ஏறலாம், இறங்கும்போது நடந்து வாருங்கள். சமதளத்தில் வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பயிற்சிகள்: ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராக உயர்த்துவது ஒன்று. படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மூன்று எண்ணும்வரை மெதுவாக முழங்காலை மடக்கி, மறுகுதிகாலால் கீழே தொட்டு எழுவது இன்னொன்று. முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. பத்துப் பத்தாக மூன்று முறை போதும். படிப் பயிற்சியில் வலி வந்தால் இறங்கும் ஆழத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை சிறிய இறக்கம். இந்த இடத்தில்தான் மலை ஓட்டக்காரர்கள் ஏமாறுகிறார்கள். வாரமெல்லாம் ஏறிப் பழகுவார்கள், இறக்கத்தைப் போட்டியன்றுதான் சந்திப்பார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். பழகாத தசை அதில் அடிபட்டு, இரண்டு மூன்று நாள் படி இறங்கக்கூட விடாது. ஒருமுறை பட்டுவிட்டால் தசை தன்னைத் தயார்செய்துகொள்கிறது. அடுத்த இறக்கம் அவ்வளவு வலிக்காது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதனால்தான் வாரம் ஒன்று போதும் என்கிறேன். இறங்கும்போது அடியைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவரானால் 168-இலிருந்து 176-க்குள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழாமல் சற்று அகலமாக வையுங்கள்.

இவ்வளவு சொன்ன நானே ஒரு விஷயத்தில் ஸ்கேனுக்கு ஓடச் சொல்வேன். அது எலும்பு. ஒற்றை விரலால் காட்டும் அளவுக்கு ஓரிடத்தில், எலும்பின் மேலேயே வலிக்கிறது, இரவில் படுத்தாலும் விண்விண் என்கிறது, ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை என்றால் எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயை மட்டும் நம்ப வேண்டாம், முதல் இரண்டு மூன்று வாரம் அதில் ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம். வலி தொடை இடுக்கில் இருந்தால் இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்தும் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடினால், எலும்பு இரண்டாக விலகி ஸ்க்ரூ போடும் நிலைக்குப் போய்விடும். எக்ஸ்ரே சுத்தம் என்று அனுப்பப்பட்டு, போட்டி ஓடிவிட்டு, ஸ்ட்ரெச்சரில் வந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நின்றுபோன அல்லது தள்ளிப்போகும் பெண் ஓட்டக்காரர்கள், உணவைக் குறைத்து எடையை இறக்குபவர்கள் இதில் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். இங்கே ‘வலியோடு மெதுவாக ஓடிப் பார்க்கலாம்’ என்ற பேச்சே கிடையாது. அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். தர மறுத்தால் வேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், போட்டியன்று காலையில் யாராவது ஐப்யூபுரூஃபென் என்ற வலி மாத்திரையை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். உடலில் நீர் குறையும் நீண்ட ஓட்டத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் மருத்துவமனைக்குப் போங்கள், காத்திருக்காதீர்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். போட்டிப் பாதையின் மொத்த இறக்கத்தில் பாதியளவு இறங்கி ஓடிப் பாருங்கள். வலி வரவில்லை, மறுநாள் காலையும் முழங்கால் அமைதியாக இருக்கிறது என்றால் ஓடுங்கள். வந்துவிட்டால், அன்றே போட்டி நடத்துபவர்களுக்கு எழுதி, குறைந்த தூரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.