பாடம் எடுப்பவர் எங்கிருந்து வந்தவர்?

வணக்கம் சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், இப்போது டீம் லீட். பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கான சான்றிதழ்) தேர்வு எழுதலாம் என்று வகுப்பு தேடியதில் இரண்டு இடம் தேறியது. ஒன்றில் எடுப்பவர் என்னைவிட இளையவர், முழுக்க ஐ.டி. ஆள், பெயருக்குப் பின்னால் பதினோரு சான்றிதழ். ஆனால் லிங்க்ட்இன்னில் பார்த்தால் ஆறு வருடமாகப் பயிற்சி மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் அரசுத் துறையில் பாலம், கட்டடம் என்று முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர். அவரிடமும் பி.எம்.பி. இருக்கிறது, ஆனால் ஒரு மென்பொருள் ப்ராஜெக்ட்டைக்கூடத் தொட்டதில்லை. சிமெண்ட், கம்பி பற்றிப் பேசுகிறவர் நமக்கு என்ன சொல்லித்தர முடியும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நீங்கள் கட்டுமானத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவர் என்பதால் கேட்கிறேன், எதைப் பார்த்து முடிவு செய்வது?

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

அந்தப் பொறியாளரிடமே போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அவர் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும், அது ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சான்றிதழ் விஷயம். பட்டம் படித்தவர் பி.எம்.பி. எழுத 36 மாதம் ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் காட்ட வேண்டும், உங்களுக்கே தெரிந்திருக்கும். விண்ணப்பங்களில் சிலவற்றை மட்டும்தான் எடுத்துத் தணிக்கை செய்கிறார்கள். பாஸ் செய்த பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 புள்ளி சேர்த்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். இந்த 60-ஐயும் வகுப்புகளில் உட்கார்ந்தே சேர்த்துவிட முடியும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அதற்கென்று கொஞ்சம் புள்ளி உண்டு. ஆக, ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் எந்த ப்ராஜெக்ட் பக்கமும் போகாமலே சான்றிதழைக் காலாவதியாகாமல் வைத்திருக்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை, விதி அப்படி. ஆனால் பதினோரு சான்றிதழ் என்றால் பதினோரு தேர்வு எழுதியிருக்கிறார் என்றுதான் தெரியும். தேதி தவறிப்போன ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாரா என்பது அதிலிருந்து தெரியாது, எனக்கு அதுதான் முக்கியம்.

நான் சைட்டில் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு பிளானிங் என் பொறுப்பு. ஒப்படைக்கும் தேதி நெருங்குகிறது, பிளம்பிங் ஆட்கள் பிரஷர் டெஸ்ட் போட இன்னும் நான்கு நாள் கேட்கிறார்கள், டைல்ஸ் ஒட்டும் ஆட்களோ வேலை இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். டைல்ஸை ஒட்டிவிடட்டும், டெஸ்ட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். பதினெட்டு குளியலறை ஒட்டி முடித்த பிறகு டெஸ்ட் போட்டார்கள், ஐந்தில் சுவருக்குள் கசிவு. முந்தின நாள்தான் ஜாயின்ட் பூசித் துடைத்து வைத்திருந்த சுவரில் உளி வைத்து உடைத்தார்கள், நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நிறத்தில் அதே லாட் டைல்ஸ் கிடைக்கவில்லை, அதனால் அந்த ஐந்து அறையிலும் நல்ல சுவரையும் சேர்த்து உடைத்து வேறு டைல்ஸ் ஒட்ட வேண்டியதாகிவிட்டது. நான்கு நாளை மிச்சம் பிடிக்கப்போய் இருபத்திரண்டு நாள் போனது. ஒன்று முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலையை முன்னால் இழுத்துப் போட்டு நாளைச் சுருக்குவதற்குப் பாடத்தில் ஃபாஸ்ட் டிராக்கிங் என்று பெயர், அப்படிச் செய்தால் ரிஸ்க் கூடும் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்கு நான் இப்போது அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் இருக்கும் ஐ.டி. ஆட்கள் யாரும் இதைக் கட்டடக் கதையாகக் கேட்பதில்லை. டெஸ்டிங் முடிவதற்குள் அடுத்த மாட்யூலை ஆரம்பித்து மாட்டிக்கொண்ட ஒருவர் எப்படியும் இருப்பார், அவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் வகுப்பே வேறு மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பொறியாளரிடமிருந்து நீங்கள் குறிப்பாகக் கற்றுக்கொள்ள வேண்டியது பணக் கணக்கு. டீம் லீடாக இருப்பவர்களுக்கு ஆட்களை நடத்தத் தெரியும், எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடத் தெரியும், ஆனால் பணம் பெரும்பாலும் கண்ணில் படாது, அது மேலே யாரிடமோ இருக்கும். அரசுத் துறைப் பொறியாளர் காலமெல்லாம் எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் எழுதியவர். நடந்த வேலையை டேப் பிடித்து அளந்து, எம்-புக்கில் ஏற்றி, அந்த அளவுக்கு மட்டும் ஆர்.ஏ. பில், அதாவது வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் இடைக்கால பில், பாஸ் செய்வார்கள். தேர்வில் எல்லோரும் பயப்படுகிற ஏர்ன்ட் வேல்யூவின், அதாவது முடிந்த வேலையின் மதிப்பைச் செலவோடு ஒப்பிடும் கணக்கின், அடிப்படை இதுதான். ஒரு கோடி ரூபாய் வேலை என்று வையுங்கள். இன்றைக்கு 50 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும், அளந்து பார்த்தால் 40 லட்சத்துக்குத்தான் முடிந்திருக்கிறது, செலவு 48 லட்சம் ஆகிவிட்டது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 1.2 கோடியில் போய் நிற்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் 40-ஐ 48-ஆல் வகுத்து 0.83 (ஒரு ரூபாய் செலவுக்கு 83 காசு வேலை) என்று விடை சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். பில் பாஸ் செய்தவரோ, 48 லட்சம் செலவாகிவிட்டது, பாதி வேலை முடிந்த மாதிரிதான் சார் என்று கான்ட்ராக்டர் வந்து நிற்பதையும், அவரைச் சைட்டுக்குக் கூட்டிப்போய் அளந்து காட்டியதையும் சேர்த்துச் சொல்வார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-ல் இந்த முறையை விதியாகக் கொண்டுவந்ததே, கான்ட்ராக்டர்கள் செலவழித்த பணத்தையும் முடித்த வேலையையும் தனித்தனியாகப் பார்ப்பதற்குத்தான்.

துறை வேறு என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் தினமும் திரையில் பார்க்கும் பார் சார்ட்டுக்குப் பெயர் கொடுத்த ஹென்றி கேன்ட், கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு அப்புறம் இயந்திரப் பொறியியல் படித்தவர். எந்தெந்த வேலை தாமதமானால் மொத்தத் தேதியும் தள்ளிப்போகும் என்று பார்க்கும் கிரிட்டிக்கல் பாத் 1950-களின் கடைசியில் டுபான்ட் ரசாயனக் கம்பெனிக்காக உருவானது. உங்கள் அலுவலகத்தில் காலையில் நின்றுகொண்டே மீட்டிங் போடுகிறீர்களே, அந்த ஸ்க்ரமை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெஃப் சதர்லேண்ட் வியட்நாம் போரில் விமானம் ஓட்டியவர், பிறகு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தவர். யாரும் மென்பொருளில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை.

அதற்காகக் களத்தில் நின்றவர்கள் எல்லோரும் நன்றாகப் பாடம் எடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வேலைகளை முடித்துக் காட்டிய ஒருவர் வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்ன எந்தக் கதையிலும் அவர் தோற்கவே இல்லை, மூன்று மணி நேரமும் அவர் யாரைத் திட்டினார், யாரை வேலைவிட்டுத் தூக்கினார் என்பதுதான். எழுதி எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

பாம்பன் பாலத்தை எல்லா பயிற்சியாளர்களும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் அடித்துக்கொண்டு போன பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் என்றது, இளம் பொறியாளராக இருந்த ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். (அவரும் ரயில்வேக்கு வருவதற்கு முன்னால் கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் விரிவுரையாளர்.) இதை வைத்து மன உறுதி, தலைமைப் பண்பு என்று பேசிவிட்டுக் கைதட்டு வாங்குவது சுலபம். களம் தெரிந்த ஆசிரியர் வேறு இடத்தைப் பிடிப்பார், கர்டர்களை, அதாவது பாலத்தைத் தாங்கும் உத்தரங்களை. புதுக் கர்டர்கள் வந்து சேரும்வரை மற்ற வேலையை எவ்வளவு வேகமாகச் செய்தாலும் பாலம் நிற்காது. கடலுக்குள் விழுந்து கிடந்த பழைய கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்பப் பொருத்தியதால் அந்தக் காத்திருப்பே குறைந்துபோனது. கிரிட்டிக்கல் பாத்தை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேனே, அங்கே அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். நீங்கள் பார்த்த வேலைகளில் எது தேதி தவறியது, தவறப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கு என்ன செய்தீர்கள்? என் வேலை எதுவும் தவறியதில்லை என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள். மழை வந்தது, நிலம் கையகப்படுத்தவில்லை, கோர்ட் தடை என்று மற்றவர்கள் மேலேயே எல்லாவற்றையும் போட்டாலும் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டாவது, அஜைல் பகுதியை (வேலையைச் சிறு சிறு சுற்றாக முடித்துக் காட்டும் முறை, ஸ்க்ரம் அதில் ஒன்று) எப்படி நடத்துவீர்கள்? 2021 ஜனவரியில் தேர்வை மாற்றியபோது ஏறத்தாழ பாதியை அஜைலுக்கும் கலப்பு முறைக்கும் ஒதுக்கிவிட்டார்கள், பழைய ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அந்தப் பகுதிக்கு வேறு ஒருவரைக் கூப்பிடுகிறேன் என்றோ, நீங்கள் அதைத் தினமும் செய்கிறவர், வகுப்பில் வந்து பேசுங்கள் என்றோ அவர் சொன்னால் தைரியமாகச் சேரலாம். அந்தப் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எம்-புக்கும் ஒப்பந்தமும் பில்லும்தான் இல்லை, அதை அந்த இளைஞரிடம் போய்க் கேட்டாலும் கிடைக்காது.

கேட்டுவிட்டு அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அந்த முதல் கேள்விக்கான பதில் முக்கியமாக வேண்டும்.