முத்திரை குத்திய வரைபடத்தை விற்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். 2012-ல் சண்டிகரில் இருந்தபோது பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு வாங்கினேன், ரசீது இல்லை. அதில் சண்டிகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1923-ல் வெளியிட்ட பிரெஞ்சு நூலின் முதல் பதிப்பு, அவரோடு அங்கே பணியாற்றிய கட்டடக் கலைஞர் பியர் ஜென்னரே தன் இந்திய உதவியாளருக்கு 1951 முதல் 1954 வரை எழுதிய ஆறு சொந்தக் கடிதங்கள், பதினொரு புளூபிரிண்டுகள் (கட்டட வரைபட நகல்கள்) இருந்தன. பாரிஸ் வியாபாரி ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார். விற்கலாமா? கடிதங்களை நூலாக வெளியிடலாமா?

பதில்: கட்டை முதலில் பிரியுங்கள். மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

புளூபிரிண்டுகள்தான் சிக்கல். நீங்கள் அனுப்பிய படத்தில் வலது மூலையில் வட்ட முத்திரை, அதன்கீழ் கோப்பு எண், இடது ஓரத்தில் நூல் கோத்த இரண்டு துளைகள். அரசு அலுவலகக் கோப்பிலிருந்து உருவிய தாள் என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக ஜென்னரே வடிவமைத்த நாற்காலிகள் மட்டும் வெளிநாட்டில் ஏலம் போகின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றில் பலவற்றை அரசு அலுவலகங்களே கழித்து ஏலம் விட்டன. ஏலத்தில் எடுத்தவரிடம் அதற்கான சான்று இருந்தது. உங்களிடம் அது இல்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்கியவருக்கும் வராது. பொது ஆவணத்தை, அதாவது அரசு அலுவலகப் பதிவை, மத்திய அரசின் முன் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பினால், 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வைத்திருப்பது, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். அந்தக் காரணத்தை இந்தப் பதிலே உங்களுக்குத் தந்துவிட்டது. வழக்கறிஞர் மூலம் சண்டிகர் நிர்வாகத்துக்கு எழுதி, வாங்கிய விதத்தைச் சொல்லி, ஒப்புகை பெற்று ஒப்படையுங்கள்.

கடிதங்களில் தாள், அதைப் பெற்றவருக்குச் சொந்தம்; வாசகம், அதை எழுதியவருக்குச் சொந்தம். உதவியாளரின் குடும்பத்தார் விற்றார்களா, வீட்டைக் காலி செய்தபோது தவறிப்போனதா என்று விசாரியுங்கள். நூலாக்குவதற்கு எழுதியவரின் வாரிசுகளது அனுமதி வேண்டும். ஜென்னரே 1967-ல் இறந்தார். அறுபதாண்டு முடியப்போகிறதே என்று கணக்குப் போடாதீர்கள். எழுதியவர் உயிரோடிருந்தவரை வெளிவராத எழுத்துக்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, அது முதலில் வெளியான பிறகுதான் அறுபதாண்டு ஓடத் தொடங்கும். அவருடைய ஆவணங்கள் மாண்ட்ரியலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையத்தில் இருக்கின்றன. வாரிசுகளைத் தேட அங்கே எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று: வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டு கடந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. 1951-ன் கடிதங்கள் 2026-ல் அந்த வரம்பைத் தொடுகின்றன. மற்றவை ஆண்டுக்காண்டு பின்தொடரும். அதற்குள் தபாலில் போட்டுவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். தாளின் உரிமையே இன்னும் தெளிவாகவில்லை.

நூலில் நூலக முத்திரை இல்லையென்றால் உள்நாட்டில் விற்பதில் பெரிய சிக்கல் இல்லை. நூறாண்டு கடந்துவிட்டதால், வெளிநாட்டுக்கு அனுப்பும்முன் தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுவிடுங்கள். பாரிஸ்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இன்றே வங்கி வழியாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.