வாசகர் கேள்வி பதில்: சொன்ன சொல் தவறினால் எந்த வினை?

கேள்வி: ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் பின்வாங்கிவிட்டது. 'தே பிட்ரேய்ட் தி அக்ரிமென்ட்' என்று கடிதத்தில் எழுதினேன். மேலதிகாரி அடித்துவிட்டார். ஏன்?

பதில்: ஆள், நாடு, கொள்கை, நம்பிக்கை ஆகியவற்றுக்குச் செய்யும் துரோகமே 'பிட்ரே'. ஒப்பந்தத்தோடு அது ஒட்டாது. கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவது 'ரினீக்' (renege). 'தே ரினீக்ட் ஆன் தி அக்ரிமென்ட்' என்று எழுதியிருக்கலாம். 'ஆன்' கட்டாயம், அதை விட்டால் வாக்கியம் நொண்டும். எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'காலேஜ்' போல 'ரினெஜ்' என்று படிப்பவர்கள் நிறைய. கடைசி ஒலி 'தங்கம்' என்பதில் வரும் 'க'. பிரிட்டனில் ரினீக், ரினேக் இரண்டும் உண்டு, அமெரிக்காவில் ரினிக்.

பேச்சில் 'கோ பேக் ஆன்' இயல்பு: 'ஹி வென்ட் பேக் ஆன் ஹிஸ் வேர்ட்'. இங்கே 'ஆன்' போய் 'டு' வந்தால், திரும்பிப் போனார் என்று ஆகிவிடும். 'பேக் அவுட்' என்றால் பின்னால் 'ஆஃப்' வேண்டும், அதுவும் ஒற்றை எஃப் உள்ளது: 'பேக்ட் அவுட் ஆஃப் தி டீல்'. இதில் கண்டனம் குறைவு. கையெழுத்துக்கு முன்பே விலகியவருக்கும் பொருந்தும். சட்டக் கடிதத்துக்கு, மீறுவது என்ற பொருளில் 'பிரீச்': 'தே பிரீச்ட் தி கான்ட்ராக்ட்', இடையில் எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம். 'ரினீக்' நேரடிக் குற்றச்சாட்டு. அந்த நிறுவனத்தோடு இனியும் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் 'வித்ட்ரூ ஃப்ரம்' போதும்.

கேள்வி: 'சீட்டட் மீ', 'சீட்டட் ஆன் மீ' இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லவே இல்லை! முதலாவது ஏமாற்றினார். இரண்டாவது, கணவரோ மனைவியோ காதலரோ வேறொருவருடன் உறவு வைத்துக்கொண்டார். கான்ட்ராக்டரைப் பற்றிய புகாரில் 'ஆன்' நுழைந்தால் படிப்பவர் சிரிப்பார். பணத்தைச் சொல்ல வேண்டுமானால் 'சீட்டட் மீ அவுட் ஆஃப் மை மனி'.

கேள்வி: 'டிஃபெக்ட்', 'டெசர்ட்' எப்படி வேறுபடும்?

பதில்: தன் நாட்டையோ கட்சியையோ விட்டு எதிர்த்தரப்புக்குப் போவது டிஃபெக்ட். 1961-ல் பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் குழுவிலிருந்து பிரிந்து மேற்கில் தஞ்சம் கேட்டது இந்த வகை. 'ஃப்ரம்' விட்ட இடத்தையும் 'டு' சேர்ந்த இடத்தையும் காட்டும். டெசர்ட் என்றால் படையையோ குடும்பத்தையோ கைவிட்டுப் போவது. எதிரியிடம் சேர வேண்டியதில்லை. இரண்டிலும் வினைக்கு அழுத்தம் இரண்டாம் அசையில். முதல் அசையை அழுத்தினால் பாலைவனமும் பழுதும்தான் காதில் விழும்.

கேள்வி: 'ஹிஸ் வாய்ஸ் பிட்ரேய்ட் ஹிஸ் ஃபியர்' என்பதில் துரோகம் எங்கே?

பதில்: துரோகமே இல்லை. மறைக்க நினைத்த பயத்தைக் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

கேள்வி: கடனைக் கட்டாமல் ஏய்ப்பதை 'வெல்ஷ் ஆன் எ டெட்' (debt) என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். வேல்ஸ் நாட்டவரைக் குறிக்கும் சொல்லும் 'வெல்ஷ்' என்பதால், அவர்களை இழிவுபடுத்துவதாகப் பலர் கருதுகிறார்கள். கடனைக் கட்டத் தவறினால் 'டிஃபால்ட் ஆன்'.