தாக்க மதிப்பீடு பெரும்பாலும் எங்கே சறுக்குகிறது?

குவாரி, அணை, சாலை எதுவானாலும், திட்டத்தால் சுற்றுச்சூழலிலும் மக்கள் வாழ்விலும் என்ன மாறும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் தாக்க மதிப்பீடு. அதற்கு இப்போதைய நிலை முதலில் தெரிய வேண்டும். பல அறிக்கைகள் சறுக்குவது இந்த அடிப்படைத் தரவில்தான்.

குவாரிக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுக் கிணறுகளில் நீர் இறங்கும். மழைக்காலத்தில் ஒரே ஒரு முறை அளந்திருந்தால், பின்னால் கிணறு வற்றும்போது 'இது வழக்கமான கோடை வறட்சி' என்று குவாரிக்காரர் நழுவிவிடலாம். அதனால் குறைந்தது 12 மாதம், மாதம் ஒருமுறை, கிணற்று விளிம்பில் குறித்த அதே புள்ளியிலிருந்து நாடாவை இறக்கி அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய உடனே அளக்காதீர்கள், மட்டம் மீளட்டும். பாதிப்பு எட்டாத தூரத்தில் இரண்டு மூன்று ஒப்பீட்டுக் கிணறுகளும் வேண்டும். (செலவைக் குறைக்கப் பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது இந்த ஒப்பீட்டு அளவீடுதான்.)

சமூகத் தாக்கத்துக்கு நில உரிமையாளர் பட்டியல் போதாது: குத்தகைதாரர், கூலியாட்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள் விடுபடுவார்கள். வீடுவீடாகக் கணக்கெடுங்கள், பெண்களிடம் தனியாகவும் கேளுங்கள்.

பாதிப்பைத் தணிப்பதில் வரிசை முக்கியம்: தவிர்ப்பு, குறைப்பு, மீட்பு, கடைசியில்தான் ஈடு. 'தொடர்ந்து கண்காணிக்கப்படும்' என்ற வரி மட்டும் போதாது. எத்தனை மீட்டர் இறங்கினால் இறைப்பை யார் நிறுத்துவார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.