மூன்றிலொரு பங்கு தசமத்தில் ஏன் முடிவதில்லை?

1/3 ஐத் தசமத்தில் எழுதினால் 0.333… என நீள்வதால் அது துல்லியமற்ற எண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முடியாமல் நீள்வது எண்ணன்று, பத்தை அடியாகக் கொண்ட, அதாவது பத்துப் பத்தாக எண்ணும், நமது எழுத்துமுறையே. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணியை, அதாவது 10 பேர்ச்சை, மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் பங்கு 3.333… பேர்ச் என்று வந்தாலும், வேலிக் கதியால் ஊன்றவேண்டிய இடம் திட்டமான ஒன்றுதான். சுருக்கிய பின்னத்தின் பகுதியெண்ணில் அடியின் முதன்மைக் காரணிகள் மட்டுமே இருந்தால் தசமம் முடியும். பத்துக்கு அவை 2, 5; 3 அவற்றில் இல்லாததாலேயே 1/3 முடிவதில்லை. நம் முன்னோர் முந்திரி என்று அழைத்த சிறு பின்னம், 1/320, அழகாக 0.003125 என நின்றுவிடுவது 320 இல் வேறு முதன்மைக் காரணி இல்லாததாலேயே. பன்னிரண்டை அடியாகக் கொண்டால் 1/3 வெறும் 0.4, அதாவது பன்னிரண்டில் நான்கு, ஆகும்; ஆனால் பத்தில் 0.2 என்று முடிந்த 1/5, அங்கே 0.24972497… என மீளத் தொடங்கிவிடும்.