ஏழு டிவிடி கையில் இருந்தும் கேம் ஓடவில்லை: பிசியா, கன்சோலா?

கேள்வி: பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஜிடிஏ 5 பிசி பெட்டியை 500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே ஏழு டிவிடியும் கீறல் இல்லாமல் இருக்கின்றன. ஆனால் பெட்டியில் உள்ள கோட் எண்ணை அடித்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வருகிறது. “பிசியில் எதை வாங்கினாலும் ஸ்டீம் மாதிரி ஏதாவது ஒரு ஆன்லைன் கேம் கடையில் கணக்கு கட்டாயம். பேசாமல் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோல் வாங்கு, டிஸ்க்கில் விளையாடி முடித்ததும் விற்றுவிடலாம்” என்கிறான் நண்பன். எங்கள் ஊரில் நெட் சுமார்தான், பெரும்பாலும் போன் ஹாட்ஸ்பாட். நான் விளையாடுவது கதை உள்ள, தனியாக ஆடும் கேம்கள். கையில் இருப்பது ஒரு பழைய லேப்டாப். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: அந்த 500 ரூபாயை மறந்துவிடுங்கள். பெட்டிக்குள் விலை மதிப்புள்ளதாக இருந்தது அந்தக் கோட் ஒன்றுதான். முதலில் வாங்கியவர் அதை, ஜிடிஏவைத் தயாரித்த ராக்ஸ்டார் கம்பெனியில் உள்ள தன் கணக்கில் ஏற்றியதுமே கேம் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டிவிடிகள் டவுன்லோடு செலவை மிச்சப்படுத்தக் கொடுத்தவை, அவ்வளவுதான். விற்றவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். ‘கணக்கையும் சேர்த்துத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். விதிமுறைப்படி கணக்கை விற்கக் கூடாது. அது போக, பழைய ரசீதையும் மெயிலையும் காட்டி அவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியும்.

பிசியில் இந்தக் கதை இருபது வருஷப் பழசு. வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீமைக் கொண்டுவந்தபோது, தன் கேம்களுக்கு அப்டேட் அனுப்பும் வழியாகத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்ததும் நிலைமை மாறியது. கடையில் காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவரும் ஸ்டீம் கணக்கு திறந்து, நெட்டில் ஆக்டிவேட் செய்தால்தான் ஆட முடியும் என்று ஆக்கினார்கள். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனாலும் வாங்கினார்கள். கேம் அவ்வளவு நன்றாக இருந்தது. மற்ற கம்பெனிகளுக்கு அது போதும். இஏ கம்பெனி 2011-ல் ஆரிஜின் என்ற தன் கடையோடு வந்தது, யுபிசாஃப்ட் தனக்கென ஒன்று வைத்துக்கொண்டது. 2015-ல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5 கேமின் பிசி டிஸ்க்கில் இருந்தது ஸ்டீமை நிறுவும் சின்னக் கோப்பு மட்டுமே, பத்து எம்பிகூட இல்லை. முழு கேமையும் டவுன்லோடுதான் செய்ய வேண்டியிருந்தது.

வழக்கும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஸ்டீம் கேமை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது அடிபட்டுப்போனது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்று கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டீம் அதற்கு முன்பே, பணம் கட்டும் இடத்தில் அப்படி ஒரு வரியைப் போட்டுவிட்டது. நேர்மையான வரிதான். என்ன, இருபது வருஷம் தாமதம்.

கன்சோலிலும் இதைச் செய்துபார்க்க முயன்றார்கள். 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கன்சோலை அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட் சொன்னது: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் சரிபார்க்க வேண்டும், பழைய டிஸ்க் கைமாறக் கட்டுப்பாடு உண்டு. சோனி அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோவைப் போட்டது. ‘பிஎஸ்4 கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி’ என்பது அதன் பொருள். ஒருவர் பெட்டியை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், முடிந்தது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. உங்கள் நண்பன் சொல்லும் மறுவிற்பனை இன்றும் நடப்பதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

ஆனால் நண்பன் சொன்னதில் பாதிதான் சரி. கன்சோல் என்று பார்க்காதீர்கள், டிஸ்க் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனை அப்படியே வாங்கினால் பிசியைவிட இறுக்கமான இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பிசியில் ஸ்டீம் பிடிக்காவிட்டால் எபிக், ஜிஓஜி என்று வேறு ஆன்லைன் கடைகள் இருக்கின்றன. டிஜிட்டல் எடிஷனில் சோனி கடை ஒன்றுதான், அவர்கள் வைத்ததுதான் விலை. கட்டாயம் என்று நீங்கள் கோபப்படும் விஷயம் முழு வடிவத்தில் இருப்பது அங்கேதான்.

சரி, உங்களுக்கு நான் சொல்வது டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5. தனியாக ஆடும் கதை கேம், சுமாரான நெட், முடித்ததும் விற்கும் எண்ணம் மூன்றும் சேர்ந்தால் வேறு பதில் வராது. ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு 2 ஜிபி என்றால், 100 ஜிபி கேம் ஒன்றை இறக்க 50 நாள் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் போனைத் தொடாமல் இருந்தால். நீங்கள் ஆசைப்பட்ட ஜிடிஏ 5-ன் பிஎஸ்4 டிஸ்க்கே பிஎஸ்5-ல் ஓடும். கதையை ஆட நெட் வேண்டாம், கோடும் வேண்டாம். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் மலிவாகக் கிடைப்பதால் முதல் வருஷத்துக்கு அவையே போதும்.

வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இருப்பதாலேயே கேம் அதற்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2022-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி, மீதி எல்லாம் டவுன்லோடு. பெட்டியின் முன்பக்கமோ பின்பக்கமோ ‘இணையம் தேவை’, ‘டவுன்லோடு தேவை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் பெட்டிக்குள் உள்ள போனஸ் கோடுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள், அவை பெரும்பாலும் தீர்ந்துபோனவை. வெளிநாட்டு டிஸ்க்கும் பிஎஸ்5-ல் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்குப் பின்னால் டிஎல்சி (நெட்டில் இறக்கும் கூடுதல் பகுதி) வாங்கினால், டிஸ்க் எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ அந்தப் பகுதிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இங்கே பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதில்தான். டிரைவைத் தனியாக வாங்கி மாட்டும் மாடலாக இருந்தால், முதல் தடவை அதைப் பதிவு செய்ய ஒருமுறை நெட் வேண்டும். அதற்கு ஹாட்ஸ்பாட் போதும்.

நாளைக்கு நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் ஆசை வந்தால் என் பதில் மாறும். பிளேஸ்டேஷனில், இலவச கேம்களைத் தவிர மற்றவற்றை ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். பிசியில் அப்படித் தனிச் சந்தா கிடையாது. படிப்புக்கோ வேலைக்கோ எப்படியும் நல்ல பிசி வாங்கப்போகிறீர்கள் என்றாலும் தனியாக ஒரு கன்சோலுக்குச் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

அப்படி பிசி பக்கம் போனால் முதலில் ஜிஓஜியில் தேடுங்கள். அங்கே ஆஃப்லைன் இன்ஸ்டாலரையே, அதாவது நெட் இல்லாமல் கேமை நிறுவும் கோப்பையே, இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தக் கடையே மூடினாலும் அது ஓடும். விற்கத்தான் முடியாது. ஸ்டீமில் வாங்குவதென்றால் கேம் பக்கத்தின் வலது ஓரத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். வேறொரு கம்பெனியின் கணக்கும் தேவையா, கூடுதல் பூட்டு இருக்கிறதா என்பதை அங்கே எழுதியிருப்பார்கள். ஜிடிஏ 5-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டீமில் வாங்கினாலும் கேமைத் திறக்கும் ராக்ஸ்டார் லாஞ்சரும் உள்ளே வரும். ஒரு வாசலுக்கு ரெண்டு வாட்ச்மேன்.

எப்போதும் நெட் கேட்கும் கேமை பிசியிலும் வாங்காதீர்கள், கன்சோலிலும் வாங்காதீர்கள். யுபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் கேமுக்கு 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டும் பகுதிக்கும் சர்வர் தேவைப்பட்டதால், டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது அன்றோடு முடிந்தது.

உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் ஸ்டீம் ஆசையை இப்போதைக்கு விடுங்கள், 2024 தொடக்கத்தோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் டவுன்லோடைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதே கேம் வைத்திருக்கும் நண்பனின் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காமன் என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து கேமின் ஃபோல்டரைக் காப்பி செய்து உங்கள் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் கணக்கில் இன்ஸ்டாலை அழுத்துங்கள். இருக்கும் கோப்புகளை ஸ்டீம் சரிபார்த்துவிட்டு, குறைவதை மட்டும் இறக்கும். கேம் உங்கள் கணக்கிலும் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்புறம், நெட் இருக்கும்போதே கேமை ஒருமுறை திறந்து மெனு வரை போய்ப் பாருங்கள், அதன் பிறகு ஆஃப்லைன் மோடுக்கு மாற்றுங்கள். நெட் போன பிறகு மாற்றப் போனால் சில நேரம் உள்ளேயே விடாது.